வேர்க்கிறபோதெல்லாம் சீனித்தண்ணீர்

அன்புள்ள யூஜினா,

கொட்டாஞ்சேனையில் நான் சுகம். உன்னை மாதா காக்க வேண்டும். இது முழுவதும் என் கையெழுத்து! கோயில் வகுப்பில் எழுத வாசிக்கப் பழகி, மூன்று நாளாக எழுதுகிறேன். எனக்கே பெருமையாக இருக்கிறது.

மாதவிடாய் நின்றதிலிருந்து உனக்கு உடம்பு காந்தி வேர்க்கிறதாம். அப்போதெல்லாம் இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது என்று பயந்து சீனித்தண்ணீர் குடிக்கிறாயாம். போன கிழமை உனக்குச் சீனி நானூறு என்று மகள் போனில் அழுதாள். நான் காவல் நிற்கும் மாடிவீட்டு நேர்ஸ் அம்மாவிடம் கேட்டேன்.

"மாதவிடாய் நிண்டாலும் வேர்க்கும், சீனி இறங்கினாலும் வேர்க்கும் ஐயா. விரலில குத்திப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். "மனிசிக்காக இதைக் கேட்ட முதல் ஆம்பிளை நீங்கதான்" என்று சிரிக்கவும் செய்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வேர்த்தால் உடனே குத்திப் பார். குறைந்திருந்தால் மட்டும் குடி. கிளினிக்கில் இந்த வேர்வையையும் சொல். நீ இல்லாமல் எனக்கு யார் இருக்கிறார்கள்?

கேற்றில் ஹோர்ன் அடிக்கிறார்கள். மருமகனுக்கு முன்னால் போனில் கதைக்க வெட்கமென்றால் எனக்கு எழுது. இனி உன் கடிதத்தை வேறு யாரும் வாசிக்க மாட்டார்கள்.

உன்
மரியநாயகம்