செம்பு ஆகாது

மேடவாக்கம்
21 செப்டம்பர் 2008

அன்புள்ள மகன் ஜெஃப்ரிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் கர்த்தருடைய கிருபையால் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. இந்தத் தடவை அந்த வரி கைக்கு வரவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போன் உன் கடல்மீன் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தொட்டிக்கு முன்னால் உன் அம்மா இருக்கிறாள். அவளை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது.

தொட்டியில் நீ வளர்த்த பவளங்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. முக்கால்வாசி போய்விட்டன. சுற்றி வளைத்துச் சொன்னாலும் விஷயம் இதுதான்.

கோடையில் ஆரம்பித்தது. முதலில் அந்தச் சிவப்புக் கோடு போட்ட இறால் கவிழ்ந்து கிடந்தது. வயதாகியிருக்கும் என்றேன். பிறகு நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அப்புறம் பட்டன் பவளங்கள் வாயை மூடியவை திறக்கவே இல்லை. மீன்கள் இரண்டும் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி சாப்பிட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தன. அதுதான் என்னைக் குழப்பியது.

நான் சும்மா இருக்கவில்லை. கரண்ட் போகும்போது தண்ணீர் சூடாகிறதோ என்று ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டேன், கரண்ட் வந்ததும் டேபிள் ஃபேனைத் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் வியர்வையில் உட்கார்ந்திருந்தேன். தாம்பரம் மீன்கடைக்காரர் வந்து பார்த்து, "லைட்டு வீக்கா கீது சார், மாத்துனா ஷோக்கா ஆயிடும்" என்றார். மாற்றினேன். ஷோக்காக ஆனது அவர் வியாபாரம்தான். லாரித் தண்ணீர் மேல் சந்தேகப்பட்டு, தொட்டியில் தினமும் வற்றுகிற அளவுக்கு இனிமேல் குடிக்கிற ஃபில்டர் தண்ணீரை மட்டும் ஊற்று என்று அம்மாவிடம் சொன்னேன். அதைத்தான் ஊற்றுகிறேன் என்றாள். நீ விட்டுப்போன சோதனைப் பாட்டில்களை எல்லாம் திறந்து பார்த்தேன். காலமெல்லாம் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவனுக்குச் சொட்டு விடத் தெரியாதா? உப்பு சரி, கால்சியம் சரி, நைட்ரேட் சரி. எல்லாம் சரியாக இருந்துகொண்டே செத்தன.

இது வெறும் தொட்டி என்றால் நான் இவ்வளவு பாடுபட மாட்டேன். நீ ஏர்போர்ட்டில் அம்மாவிடம் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. தொட்டியை விட்டுட்டுப் போறேன், அதுக்காகவாவது திரும்பி வந்துதானே ஆகணும் என்று சிரித்தாய். அழுகையை நிறுத்தச் சொன்ன பேச்சு. அவள் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டாள். காலை ஜெபம் முடிந்ததும் காப்பியோடு அங்கேதான் போய் உட்காருவாள். கைகளை மூடி மூடித் திறக்குமே ஒரு பவளம், அது உன்னைப் போலவே டாட்டா காட்டுகிறது என்று சபைப் பெண்களைக் கூட்டிவந்து காட்டினாள்.

போன மாதம் கோவிலம்பாக்கத்திலிருந்து உன் நண்பன் அருண்ராஜ் வந்தான். நல்ல வேளை, அம்மா கடைக்குப் போயிருந்தாள். மெல்போர்னில் நீ வீடு வாங்கிவிட்டதாகவும், தொட்டியை அவனையே எடுத்துக்கொள்ளச் சொல்லி மெயில் போட்டதாகவும் சொன்னான். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னான். நானும் தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன்.

அவன் தொட்டியைப் பார்த்ததுமே, "அங்கிள், மீன் நல்லாருக்கு, மத்ததெல்லாம் போகுதுன்னா காப்பரா இருக்கும்" என்றான். காப்பர் டெஸ்ட் வாங்கிவந்து போட்டோம். ஆமாம், காப்பர்தான். பம்ப், பைப், வால்வு எல்லாம் கழற்றிப் பார்த்தோம். எங்கேயும் பித்தளை கூட இல்லை.

மறுநாள் காலை அம்மா பின்பக்கம் உட்கார்ந்து புளி போட்டுக் குடம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பாளையங்கோட்டையிலிருந்து சீராக வந்த தாமிரக் குடம். இத்தனை வருஷம் பரணில் கிடந்தது. எனக்கு முட்டுவலி என்று கோடையில்தான் இறக்கினாள். ஃபில்டர் தண்ணீரை ராத்திரியே அதில் ஊற்றி வைத்துக் காலையில் எனக்குக் கொடுப்பாள். தொட்டிக்கும் இதிலிருந்தா ஊற்றுகிறாய் என்று கேட்டேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா?

"ஆமா. செம்பு ஆகவே ஆகாதுன்னு பிள்ள சொல்லிட்டுப் போனாம்லா? அதான் செம்பத் தொடவே மாட்டேன். பிளாஸ்டிக் மக்லதான் மோந்து ஊத்துதேன்."

புரிகிறதா ஜெஃப்ரி? அம்மாவுக்கு விளங்கட்டும் என்று நீ காப்பரை நல்ல தமிழில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். நீ தாம்பரத்தில் வளர்ந்தவன். உனக்குத் தண்ணீர் குடிக்கிற பாத்திரம் சொம்பு, உலோகம் செம்பு. அவள் தாமிரபரணிக் கரைக்காரி. அவளுக்குச் செம்பு என்றால் பாத்திரம், உலோகம் என்றால் தாமிரம். நீ சொன்னதை அவள் ஒரு எழுத்து பிசகாமல் செய்திருக்கிறாள். வீட்டில் இருப்பதிலேயே நல்ல தண்ணீரை உன் பவளத்துக்கு ஊற்றியிருக்கிறாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? முட்டுவலி போயே போய்விட்டது, இனிமேல் குடம் வேண்டாம் என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். வலிக்கிற காலோடு ஸ்டூலில் ஏறி நானே அதைப் பரணில் வைத்தேன்.

அதற்குப் பிறகு பாதிப் பாதியாகத் தண்ணீர் மாற்றினோம். அருண்ராஜ் காப்பரை உறிஞ்சும் என்று கரிப் பை வாங்கிப் போட்டான். ஆனால் காப்பர் கல்லுக்குள்ளேயே இறங்கியிருக்கும், லேசில் விடாது என்கிறான். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. டாட்டா காட்டிய அந்தப் பவளம் போன வாரம் கையை மூடியது, அப்படியே கரைந்து போய்விட்டது. இப்போது மூலையில் ஒரே ஒரு தண்டு நிற்கிறது. அதுவும் நிற்காது.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். என்ன வியாதி என்று என்னைக் கேட்கிறாள். தெரியவில்லை என்கிறேன். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெஃப்ரிகிட்ட சொல்லிராதீங்க. பொறவு எதுக்கு வரணும்னு நெனச்சிருவான்" என்றாள்.

சரி என்று வாக்குக் கொடுத்தவன்தான் இன்று இதை எழுதுகிறேன். செம்பு விஷயம் உன்னோடு இருக்கட்டும். எந்தக் காலத்திலும் அவள் காதுக்குப் போகக் கூடாது. வீட்டு விஷயத்தை எப்போது சொல்வாய், எப்படிச் சொல்வாய் என்பது உன் பாடு. நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தைரியம் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த ஞாயிறு பேசும்போது, தொட்டி எப்படிம்மா இருக்கு என்று ஒரு வார்த்தை அவளைக் கேள். இந்த வருஷம் முழுக்க நீ கேட்கவே இல்லை. நல்லா இருக்கு என்றுதான் சொல்வாள். நம்பிவிடு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உன் புது வீட்டையும் அவர் ஆசீர்வதிப்பாராக.

உன் அப்பா,
லாசரஸ்