கதவோரத்துக் கடைசி பெஞ்சு

ஜூன் 3, செவ்வாய்

கத்திரி போயும் வெயில் போகவில்லை. பாலாறு முழுக்க மணல். தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை ஏற்றி வந்த வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் எடுத்து வருவதற்குள் அம்மாவிடம் திட்டு.

பெரியப்பா வேலூரிலிருந்து வந்தார். வாத்தியார் அல்லவா, செருப்பைக் கழற்றும்போதே பாடம் ஆரம்பம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள் மதராஸ் பெரிய காலேஜுக்குத்தான் போக வேண்டுமாம். மிஷன் ஸ்காலர்ஷிப் தருமாம். படிப்பு முடிந்ததும் அவர்கள் சொல்கிற ஊரில், சொல்கிற பள்ளிக்கூடத்தில், போதும் என்று சொல்கிற வரை வேலை. இதை மட்டும் கடைசியில், மோர் குடித்துக்கொண்டே சொன்னார்.

நான் திருப்பத்தூர் காலேஜ் என்றேன். சிரித்தார். "அதெல்லாம் ஒரு காலேஜா? மொத்தப் பசங்களையும் ஒரே பஸ்ல ஏத்திடலாம்."

ஏற்றட்டுமே. எனக்கும் அதில் ஒரு இடம் வேண்டும்.

ஜூன் 4

இரண்டையும் நன்றாக யோசி என்று அப்பா சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். யோசித்தாயிற்று.

திருப்பத்தூருக்கு எதிராக: லைப்ரரி என்பது இரண்டு அலமாரி, சாவி பியூனிடம். சயன்ஸ் கிடையாது. சரித்திரம், தர்க்கம், இங்கிலீஷ், தமிழ், அவ்வளவே. சரித்திரம் நடத்துகிறவரே தர்க்கமும். ஜோலார்பேட்டையில் வண்டி மாற வேண்டும், தவறினால் முதல் வகுப்பு போச்சு. பெண்கள் ஒருவரும் இல்லை. பேர் பெற்ற காலேஜ் இல்லை, மாப்பிள்ளை வீட்டில் சொல்லிக்கொள்ள முடியாது (பெரியம்மா கருத்து. இதைச் சாதகத்தில் சேர்க்க வேண்டும்).

சாதகம்: வகுப்பில் கொஞ்சம் பேர். பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது, வாத்தியாராலும் முடியாது. ராத்திரிச் சோறு வீட்டில். யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். அப்புறம் தர்க்கம். என்ன படிப்பு என்று சரியாகத் தெரியாது. ஒருவர் பேசுவதில் தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பதாம். பெரியப்பாவுக்காகவாவது படித்தே ஆக வேண்டும்.

எதிர்ப்பக்கம்தான் நீளம். இருக்கட்டும். மதராஸில் என்னை என்ன செய்வது என்று இப்போதே முடிவாகிவிட்டது. திருப்பத்தூரில் யாரும் இன்னும் முடிவு செய்யவில்லை. அது போதும்.

அவரைக்காய் முற்றல். தலைவலி.

ஜூன் 7, சனி

திருப்பத்தூர் காலேஜ் பிரின்சிபாலைப் பார்க்க அப்பாவும் நானும். விடியுமுன்பே பக்கத்து வீட்டு ஹாஜிரா அக்கா அத்தர் புட்டியோடு வந்துவிட்டார். அம்மாவும் அவரும் சேர்ந்து ரவிக்கை, முந்தானை, பின்னல், கைக்குட்டை எல்லாவற்றிலும் தடவினார்கள். கடைசியில் அப்பாவின் கோட்டிலும். அப்பா தோல் ஷாப்பில் மேஸ்திரி. எங்கள் வீட்டில் எதை எத்தனை துவைத்தாலும் தோல் நாற்றம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் நல்ல இடத்துக்குப் போனால் அத்தர். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும்.

"ஜாஸ்தியா இருந்தா ஒண்ணும் தப்பில்ல அன்னா, கம்மியா இருந்தாத்தான் பேஜாரு" என்றார் ஹாஜிரா அக்கா என்னிடம். அன்னாள் அவர் வாயில் அன்னாதான்.

வண்டியில் வெயில் ஏற ஏற அத்தரும் ஏறியது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். தோல் வாசனைக்கு எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அத்தருக்கு இதுதான் முதல்.

பிரின்சிபால் முதலில் ஜன்னலைத் திறந்தார். பிறகு மார்க்கைப் பார்த்தார். பிறகு, "படிக்க வர்ற பொண்ணுக்கு இவ்ளோ வாசனை எதுக்கும்மா? இது நாடகக் கொட்டாய் இல்ல" என்றார்.

அப்பா தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

"எங்களுது ஆம்பூர் சார். அப்பாவுக்குத் தோல் ஷாப்புல வேலை. அது தெரியக்கூடாதுன்னு போட்டது. அடுத்த தடவ போடாம வர்றேன்."

அவர் மார்க்கை இன்னொரு தடவை பார்த்தார். பெண்களைச் சேர்த்து வழக்கமில்லை என்றார். சேர்க்கக் கூடாது என்று விதி இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இல்லை. இதுவரை ஒருவரும் கேட்டதில்லையாம். கமிட்டியில் வைத்துக் கடிதம் போடுவதாகச் சொன்னார்.

திரும்பும்போது ஜோலார்பேட்டையில் வண்டி மாற இறங்கினோம். பிளாட்பாரத்தில் அப்பா காப்பி வாங்கிக் கொடுத்தார். பிறகு மெதுவாக, "மதராஸே போம்மா. அங்க நீ யாரு வூட்டுப் பொண்ணுன்னு யாருக்கும் தெரியாது."

அதனால்தான் போக மாட்டேன் என்றேன். காப்பி ஆறிப்போயிற்று. அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அழக் கூடாது என்று இருந்தேன், முடியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

ஒரு தூறல். மண் நனையவில்லை.

கடிதம் வந்தது. சேரலாம். நிபந்தனைகள் உண்டு. பையன்கள் உட்கார்ந்த பிறகு உள்ளே வர வேண்டும், அவர்கள் எழும் முன் வெளியே போக வேண்டும். உட்காருவது கதவோரத்துக் கடைசி பெஞ்சில். காற்றோட்டம் கருதி என்று ஒரு காரணம் வேறு.

எதிர்ப்பக்கத்தில் இதையும் சேர்க்க வேண்டும். இது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

அம்மாவுக்குச் சந்தோஷம், சேர்த்துக்கொண்டார்களே என்று. நான் கடைசி பெஞ்சில் உட்கார மாட்டேன் என்றேன். அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "கோயில்ல மட்டும் எங்க உக்கார்றோம்?" என்றார்.

கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு வரும் தோல் ஷாப் குடும்பங்கள் எல்லாம் கதவோரம்தான். ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் கடைசி இரண்டு பெஞ்சு. அங்கே உட்கார் என்று யாரும் சொன்னதில்லை. அத்தர் பூசிக்கொண்டும் அங்கேதான். அப்படியானால் நாற்றம் ஒரு சாக்கு. இது எனக்கு ஏன் இத்தனை நாள் உறைக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

அத்தர் வேண்டாம் என்றேன். அம்மா புட்டியோடு வாசல் வரை வந்தாள். கோயிலில் கடைசி பெஞ்சைத் தாண்டி நடந்தேன். அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள், விடுவித்துக்கொண்டேன். பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் எங்கள் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை அம்மாள், பக்கத்தில் நிறைய இடம். உட்கார்ந்தேன். அவர் பாட்டுப் புத்தகத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். இரண்டாம் பாட்டுக்கு அவருக்கே அது வேண்டியிருந்தது. எடுத்தார். நான் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

பிரசங்கம் பொறுமையைப் பற்றி. போதகர் கூரையைப் பார்த்தே பேசினார்.

ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தேன். ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சின் ஓரத்தில் அப்பா. பாதி உடம்பு பெஞ்சில், பாதி வெளியே. எப்போது வந்தார் தெரியாது. என் பக்கம் திரும்பவில்லை.

அம்மா கடைசி வரை பின்னாலேயே. வீட்டில் எனக்குச் சோறு மட்டும் ஜாஸ்தி வைத்தாள்.

ராத்திரி அப்பா பெரியப்பாவுக்குக் கார்டு எழுதினார். மதராஸ் வேண்டாம் என்று. வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

ஜூன் 30, திங்கள்

காலேஜ். நல்ல மழை. ஜோலார்பேட்டையில் ஓட்டம், செருப்பு வார் அறுந்தது. இந்தத் தோல் ஊரிலிருந்து போகிறவளுக்கு!

பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். பியூன் கதவோரத்துப் பெஞ்சைக் காட்டினார். அதில் என் பையை வைத்தேன். குடையையும் வைத்தேன். பிறகு முன்னால் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே இருந்தவன் தள்ளிப் போனான். தாராளமாக இருந்தது.

தர்க்க வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "உங்க இடம் பின்னாடி இல்லியாம்மா?"

"பின்னாடி என் பை உக்காந்திருக்கு சார்."

சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை. வகுப்பு ஆரம்பித்தது. பாதி புரிந்தது. பாதி புரிந்ததே எவ்வளவு நன்றாக இருந்தது.

ஆஜர் கூப்பிடும்போது அகர வரிசைதான். ஆறுமுகம் முதலில். என் பேர் அன்னாள், எல்லோருக்கும் கடைசியில்.

நாளைக்கு இதைக் கேட்க வேண்டும்.