ஆனைக்குக் கால் செய்தவளுக்கு

என் பொன்னு ஜெபா,

நம்முடைய ஆனை புத்தகமாகிவிட்டது ஏட்டி. பெரிய பெரிய படங்கள், பக்கத்துக்கு இரண்டு வரி, சின்னப் பிள்ளைகள் மடியில் விரித்துப் பார்க்கிற அளவு. நீ போய்ச் சேர்ந்த பிறகு அழுது அழுது எழுதிய கதை. சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய செய்திதான். ஆனால் உன் முகத்தில் முழிக்க முடியாத ஒரு காரியம் செய்துவிட்டு எழுதுகிறேன். நீ இல்லாததால்தான் எழுதவே துணிகிறேன் என்று நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

அந்தக் கோடை லீவைப் பற்றி இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், நீயும் கேட்டுக்கொண்டிரு. கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டிலிருந்து நீ கொட்டாரத்துக்கு, உன் சித்தி வீட்டுக்கு வந்திருந்தாய். பேன் தொல்லை தாங்காமல் உன் அம்மா மொட்டையடித்து அனுப்பியிருந்தார். எங்கள் தெருப் பிள்ளைகள் உன்னை மொட்டச்சி என்றார்கள், விளையாட்டில் சேர்க்கவில்லை. பக்கத்து வீடு என்பதால் நான் உனக்குக் கூட்டுக்காரி ஆனேன், அதுவும் மற்றவர்கள் பார்க்காதபோது. உன்னிடம் கேட்க அவர்களுக்கு ஒரே கேள்விதான் இருந்தது.

"உங்க ஊர்ல ஆனை வருமாட்டி?"

"வரும். இப்போ இங்க வந்துட்டிருக்கு. அதுக்குக் கடல் பாக்கணுமாம்," என்றாய் நீ, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

மறுநாள் குளத்தங்கரைச் சேற்றில் ஆனையின் காலடிகள் கிடந்தன. பனந்தடியின் வட்டத் துண்டுதான் பாதம். அதன் முன்னால் தேங்காய்ச் சிரட்டை விளிம்பை அழுத்தினால் நகங்கள். பனந்தடி உன்னுடையது, சிரட்டையைப் பிடித்தவள் நான். மத்தியானம் ஊர் உறங்குகிற நேரத்தில் தடம் தெற்கே நகர்ந்துகொண்டே போனது, குளத்திலிருந்து வரப்புக்கு, வரப்பிலிருந்து வாழைத் தோட்டத்துக்கு. தோட்டக்காரர் பயந்துபோய் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். பிள்ளைகள் எல்லோரும் தடத்தின் பின்னால் ஓடினார்கள். உன்னை அப்போதும் சேர்க்கவில்லை.

லீவு முடிந்து நீ பஸ் ஏறியபோது ஆனை கடல் வரைக்கும் போயிருக்கவில்லை. புத்தகத்தில் போய்விட்டது. அது கதை, அதற்கு நீ கோபப்பட மாட்டாய். நான் சொல்ல வந்தது வேறு.

படம் வரைகிறவர், கதையில் ஆனைக்குக் கால் செய்கிற பிள்ளையின் சிறுவயதுப் போட்டோ ஒன்று கேட்டார். உன் போட்டோ என்னிடம் இல்லை. உன் அம்மாவிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அந்தக் காலத்துச் சட்டை தெரியட்டும் என்று என் போட்டோவை அனுப்பினேன். வரைந்து வந்தபோது, ஆனைக்குக் கால் செய்கிற பிள்ளைக்கு என் ரெட்டைச் சடை, என் கன்னக்குழி. தப்பு என்று பார்த்தவுடனே தெரிந்தது. பார்க்க எனக்குப் பிடித்தும் இருந்தது. பிடித்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன் ஜெபா, கிடைக்கவில்லை.

அஞ்சுகிராமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். "மிஸ், இது நீங்களா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். நான் சிரித்தேன். சிரித்தது பதிலாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பிறகு உன் அம்மா வந்தார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, கீரிப்பாறையில் உன் தம்பி வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"எனக்க பிள்ளையப் பத்தி புக்கு போட்டிருக்கியாமே மக்கா?"

கையை முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். எழுத்தைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தார். நடுவில் நிற்கிற சடைக்காரியை ஒவ்வொரு பக்கத்திலும் தாண்டிப் போனார். ஊர்ப் பிள்ளைகள் கூடி நிற்கிற பக்கத்தில் விரல் நின்றது. ஓரத்தில், பனைமரத்துக்குப் பின்னால் பாதி மறைந்தபடி, முடி ஒட்ட வெட்டிய ஒரு பிள்ளை. இடம் காலியாகத் தெரிகிறதே என்று ஓவியர் வரைந்து வைத்த பையன் அது.

"இதுதானே எனக்க பிள்ளை? அவ எப்பவும் இப்பிடி ஒதுங்கித்தான் நிப்பா."

"ஆமா மாமி," என்றேன்.

அந்தப் பையனின் தலையை உன் அம்மா விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "மொட்டை போட்டதுக்கு அன்னைக்கு என்னா அழுகை அழுதா தெரியுமா," என்றார். காப்பி போடுகிறேன் என்று அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன். அழுகை வரவில்லை. வெட்கத்தில் காது மடலெல்லாம் எரிந்தது. புறப்படும்போது அந்தப் பக்கத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாயா? இல்லை, "அது போட்டும்ட்டி, பிள்ளைகளுக்கு ஆனை பிடிச்சுதா?" என்று கேட்டிருப்பாயா? அப்படித்தான் கேட்டிருப்பாய் என்று தோன்றுகிறது, அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை.

இரண்டாம் பதிப்பு போடப் போகிறார்கள். படங்களை மாற்ற வேண்டும் என்றேன். "பிள்ளைகளுக்கு இந்த முகம் பழகிட்டுதே, எதுக்கு மாத்தணும்?" என்றார் பதிப்பகத்தார். மாற்றாமல் புத்தகம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஓவியரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் "அவங்க முகம் எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை கீரிப்பாறைக்குப் போகிறேன். பஸ் டிக்கெட் வைத்த அந்தப் பக்கத்தை உன் அம்மா முன்னால் விரித்து, இது ஜெபா இல்லை மாமி, நான் பொய் சொன்னேன் என்று சொல்வேன். உன் போட்டோ ஒன்று கேட்பேன். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாலும் மறுபடி போவேன். இது உனக்குச் செய்கிற சத்தியம்.

புதுப் புத்தகத்தில் மொட்டைத் தலையோடு நீதான் நடுவில் இருப்பாய், பனந்தடியைத் தூக்கிக்கொண்டு. பனை ஓரத்துப் பிள்ளையை அழிக்க வேண்டாம் என்று ஓவியரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு ரெட்டைச் சடை போட்டு, கையில் ஒரு சிரட்டையைக் கொடுத்தால் போதும்.

உன் கூட்டுக்காரி,
சுகந்தி