ஊத்தச் சொன்னது நான்தான்

மணியத்தோட அப்பாவுக்கு,

அன்போட எழுதுறேன். கல்யாணமான நாள்ல இருந்து உங்க பெயரை நான் வாயால சொன்னதில்ல, கையால எழுதினதும் இல்ல. இப்பவும் எழுதல. யாருக்கு எழுதுறேன்னு உங்களுக்குத் தெரியும், அது போதும்.

முதல்ல நல்ல சேதி. மூத்த பேத்தி கலா ஆசிரியர் பயிற்சியை முடிச்சு, பத்தாங் காலி பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில டீச்சரா சேர்ந்துட்டா. முதல் சம்பளத்துல எனக்குச் சேலை வாங்குவான்னு பார்த்தேன், கேமரா வாங்கியிருக்கா. பேரன் குமார் ரவாங்ல பெக்டரிக்குப் பெட்டி தூக்கத்தான் போனான். இப்ப அவன் சொல்றபடி இருபது பேர் வேலை செய்யறாங்க. சுங்கை சோவுல வாடகை வீடு எடுத்திருக்கான். சின்னவ தேவி அஞ்சாம் வகுப்புல முதல் ஆளா வந்திருக்கா. நான் படிப்பை நிறுத்தின அதே அஞ்சாம் வகுப்பு. அடுத்த வருஷம் என்னைத் தாண்டிடுவா. கோலசிலாங்கூர்ல ஒரே வீட்டுல இப்படி மூணு பிள்ளைங்க வேற எங்கயாவது இருக்காங்களான்னு நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். இதுவரைக்கும் யாரும் பதில் சொல்லல.

இனி மத்த சேதி. உங்க பெட்ரோல் பிக்கப்பை வித்தாச்சு. டீசல் பிக்கப் வாங்கியிருக்கோம்.

கோபப்படாதீங்க, முழுசா கேளுங்க. நீங்க போன ரெண்டு வருஷத்துல கல்யாண வீடுங்க அதிகமாயிடுச்சு. முன்னெல்லாம் நாலு அண்டா, அம்பது நாற்காலின்னு நம்மகிட்ட வாடகைக்குக் கேட்டவங்க இப்ப கூடாரமும் சேர்த்துக் கேட்கிறாங்க. அவ்வளவையும் ஏத்திக்கிட்டு மழை நாள்ல தோட்டத்துச் செம்மண் ரோட்டுல ஏற, உங்க வண்டியால முடியல. மணியம் முன்னால பிடிச்சு ஓட்டுவான், வேலைக்கு வந்தவங்க பின்னால தள்ளுவாங்க. நான் ஓரமா நின்னு சாமியைக் கூப்பிடுவேன்.

"அப்பா இருந்தா டீசலை வாசல்ல விட்டிருக்க மாட்டாரு"ன்னு சொன்னேன்.

"அப்பா இருந்தா அவரும் சேர்ந்து தள்ளியிருப்பாரு லா"ன்னு சொல்லிட்டான் உங்க மகன்.

நீங்க ஏன் டீசலைத் தொடமாட்டீங்கன்னு பிள்ளைங்களுக்கு நீங்க சொன்னதே இல்ல. எனக்குத் தெரியும். தோட்டத்து இஞ்சின் வீட்டுல நீங்க வேலை பார்த்த காலம். கணக்குப் பார்க்கிற கிராணி ஒரு பீப்பாயைக் காட்டி அதுல இருந்து ஊத்தச் சொன்னாரு. ஊத்தினீங்க. அதுல தண்ணி கலந்திருந்துச்சு, இஞ்சின் நின்னு போச்சு, ஆலையும் நின்னு போச்சு. தொரை கேட்டப்ப, நான் சொல்லவே இல்லைன்னு கிராணி கையை விரிச்சிட்டாரு. "ஊத்தச் சொன்னது அவர், ஊத்தினது நான்"னு நீங்க சொன்னீங்க. யார் கேட்டா? வேலை போச்சு. வேலையோட தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போச்சு. மணியத்தை இடுப்புல வச்சுக்கிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோட இந்தக் கோலசிலாங்கூருக்கு நடந்து வந்தோம். அன்னிக்கு உங்க சட்டையில இருந்த டீசல் வாடை எத்தனை துவைச்சும் போகல, நீங்களே அதை அடுப்புல போட்டீங்க. அந்தக் கிராணியை நான் எத்தனை பொங்கலுக்குத் திட்டியிருக்கேன்னு உங்களுக்குத்தான் தெரியும்.

அதை நினைவு வச்சுக்கோங்க. இப்ப நான் சொல்லப்போறது அதுல போய்த்தான் முட்டும்.

புது வண்டி வந்து நாலாவது நாள். பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்துல ஒரு கல்யாணம். சாமானை ஏத்திக்கிட்டு நானும் மணியமும் வழக்கமா எண்ணெய் போடுற ஸ்டேஷன்ல நிறுத்தினோம். மணியம் கயிறு வாங்க எதிர்க்கடைக்குப் போனான். எண்ணெய் ஊத்துற சரோஜா வந்தா. முப்பது வயசு இருக்கும், தோட்டத்து லயத்துல இருந்து சைக்கிள்ல வர்றவ. ரெண்டு பிள்ளைங்க, புருஷனுக்குக் கால் சரியில்ல. இவ சம்பளத்துலதான் அந்த வீடு ஓடுது.

நான் கண்ணாடியை இறக்கி, "பெட்ரோல், நிறைய ஊத்து"ன்னேன்.

"பாட்டி, இது புது வண்டியாச்சே. பெட்ரோல்தானா?"

அவ கேட்டா. கேட்டாளா இல்லையான்னு யாரும் சந்தேகப்பட வேண்டாம், கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பதினெட்டு வருஷமா எங்க வண்டிக்கு எண்ணெய் போடச் சொல்றவ நான். எனக்கே நீ சொல்லித் தர்றியா?"

அவ ஊத்திட்டா.

தோட்டத்து ரோட்டுல பாதி தூரம் போறதுக்குள்ள வண்டி இருமுச்சு, தட்டுச்சு, வெள்ளையா புகை விட்டு நின்னுடுச்சு. சுத்தி செம்பனை மரம், மனுஷ நடமாட்டம் இல்ல. மணியம் நடந்து போய் தோட்டத்து டிராக்டரைக் கூட்டிட்டு வந்து அண்டாவை ஏத்தினான், நாங்களும் அதுலயே போனோம். கல்யாண வீட்டுல தாலி ஏறிடுச்சு, சாம்பார் ஏறல. மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி, "பொண்ணை மட்டும் கொடுத்தா போதும், சோத்தை நாங்க வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கிறோம்"னு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னா. பொண்ணோட அப்பா மணியத்தைப் பார்த்த பார்வையை நான் மறக்கல.

மெக்கானிக் வந்து டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்துட்டு, "சாலா மின்யாக்"னு சொன்னான். தப்பான எண்ணெய். எனக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. ஆனா மணியம் என் பக்கம் திரும்பக்கூட இல்ல. எங்கம்மா தப்பு பண்ணுவாங்கன்னு அவன் நினைச்சதே இல்ல. அப்படித்தானே வளர்த்திருக்கேன்?

மெக்கானிக்கோட வண்டியில நேரா ஸ்டேஷனுக்குப் போனான். நானும் கூடப் போனேன். ஸ்டேஷன் முதலாளி, சீனத் தவுக்கே, வெளியே வந்தாரு. லோரிக்காரர் ஒருத்தர், மோட்டார் சைக்கிள்ல ரெண்டு பேர், சைக்கிளுக்குக் காத்துப் பிடிக்க வந்த ஒரு அம்மா, எல்லாரும் நின்னு வேடிக்கை பார்த்தாங்க. மணியம் கத்துறான். சரோஜா துணியில கையைத் துடைச்சுக்கிட்டே மெதுவா சொன்னா:

"ஊத்தச் சொன்னது பாட்டி. ஊத்தினது நான்."

என்னங்க, அதே வார்த்தை. உங்க வாயில இருந்து வந்த அதே வார்த்தை.

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் சொன்னேன், "நான் அப்படிச் சொல்லவே இல்ல. டீசல்னுதான் சொன்னேன்."

தவுக்கே சரோஜாகிட்ட நாளையில இருந்து வரவேண்டாம்னாரு. அவ சண்டை போடல. கையில இருந்த துணியை மடிச்சு பம்பு மேல வச்சுட்டு சைக்கிளை எடுத்தா.

ஏன் அப்படிச் சொன்னேன்? மகன் முன்னால தலை குனியக் கூடாதுன்னா? டீசலே வேண்டாம்னு சொன்னவ வேணும்னே செஞ்சான்னு நினைப்பாங்கன்னா? அந்தக் கிராணிக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்னவோ. அன்னியில இருந்து உங்க போட்டோவை நான் துடைக்கல. பெட்ரோல் வண்டியோட பம்பர்ல ஒரு காலை வச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, அந்தப் போட்டோ. கூடத்தைக் கூட்டினேன், அந்தப் பக்கம் மட்டும் போகல.

டீசல் வண்டியில ஒரு பழக்கம் இருக்கு, உங்களுக்குத் தெரியாது. சாவியை முழுசா திருப்பக் கூடாது. பாதி திருப்பினா சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். இஞ்சின் உள்ளே சூடாகுதுன்னு அர்த்தம். அது அணையற வரைக்கும் பொறுத்திருந்துதான் ஸ்டார்ட் பண்ணணும். உங்க அவசரத்துக்கு இது ஒத்தே வராது. உங்க வண்டியில நான் கதவைச் சாத்தறதுக்குள்ள நீங்க முச்சந்தியில இருப்பீங்க.

நாலாம் நாள் காலையில வண்டியைச் சரிபண்ணிக் கொடுத்துட்டாங்க. ஏறி உட்கார்ந்தோம். மணியம் சாவியைப் பாதி திருப்பினான். விளக்கு எரிஞ்சுது. ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கிட்டு இருந்தோம்.

"மணியம், பெட்ரோல்னு சொன்னது நான்தான். அவ கேட்டா. நான்தான் அதட்டினேன்."

விளக்கு அணைஞ்சிருச்சு. அவன் ஸ்டார்ட் பண்ணல. "அங்கே எல்லார் முன்னாலயும் என்னைக் கத்த விட்டீங்களேம்மா"ன்னான். அவ்வளவுதான். திரும்பவும் சாவியைப் பாதி திருப்பினான், திரும்பவும் காத்திருந்தோம், ஸ்டேஷனுக்குப் போனோம்.

தவுக்கேகிட்ட நான் நின்ன அதே இடத்துல நின்னு சொன்னேன். அவர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "பாட்டி, உனக்கு வயசாயிடுச்சு, மறந்துபோச்சு லா, பரவாயில்ல"ன்னாரு. மறக்கல தவுக்கே, பொய் சொன்னேன்னேன். வயசைக் காட்டி நழுவ அவர் வழி விட்டாரு. நானும் ஒரு நிமிஷம் பார்த்தேன். ஆனா போகல. சரோஜாவை வரச் சொல்லிடுன்னாரு.

லயத்துக்கு நாங்களே போனோம். சரோஜா பைப்படியில துணி அலசிக்கிட்டு இருந்தா. டீசல் சத்தம் கேட்டு, தோட்டத்து லோரின்னு நினைச்சு நிமிரக்கூட இல்ல. நான் இறங்கிப் போய் எல்லாத்தையும் சொல்லி, மன்னிச்சிடும்மான்னு கேட்டேன். அவ துணியைப் பிழிஞ்சு கொடியில போட்டா.

அப்புறம் சொன்னா: "வேலைக்கு வர்றேன் பாட்டி. வராம எப்படி, பிள்ளைங்க சாப்பிடணும். ஆனா அன்னிக்கு அங்கே நின்னவங்க எல்லாம் நான் கண்ணு தெரியாம ஊத்தினேன்னுதானே நினைச்சுக்கிட்டுப் போனாங்க? அந்த லோரிக்காரருக்கு யார் சொல்றது? அந்த அம்மாவுக்கு யார் சொல்றது?"

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். ஞாயித்துக்கிழமை பத்திரிகையில செத்துப் போனவங்களுக்குக் கடிதம் எழுதுறாங்களே, அதை இந்தப் பக்கத்து ஜனங்க ஒருத்தர் விடாம படிப்பாங்க. அதனாலதான் உங்களுக்கு எழுத வேண்டியதை ஊருக்கே கேட்கிற மாதிரி எழுதுறேன்.

அன்னிக்கு அங்கே நின்ன லோரிக்காரத் தம்பி, மோட்டார் சைக்கிள்ல வந்த ரெண்டு பேர், காத்துப் பிடிச்ச அம்மா, இதைப் படிச்சா தெரிஞ்சுக்கோங்க. சரோஜா மேல தப்பே இல்ல. அவ கேட்டுட்டுத்தான் ஊத்தினா. ஊத்தச் சொன்னது நான்தான். அந்தக் கல்யாணப் பொண்ணோட அப்பாவும் இதைப் படிச்சா, உங்க வீட்டு அடுத்த விசேஷத்துக்கு எங்க அண்டா முதல் ஆளா வந்து நிக்கும்.

இப்ப சரோஜா வேலைக்கு வந்துட்டா. தேவி சிவப்புப் பெயிண்ட்டுல டேங்க் மூடி மேல "டீசல்"னு பெரிசா எழுதி வச்சிருக்கா. அதுல டீ மேல சுழி சரியா விழல. ஆனாலும் சரோஜா விடறதில்ல. எங்க வண்டி உள்ளே நுழைஞ்சா போதும், பம்பு பக்கத்துல நின்னுக்கிட்டு, "பாட்டி! டீசலா, பெட்ரோலா? எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்க!"ன்னு கத்துறா. மத்த வண்டிக்காரங்க சிரிக்கிறாங்க. மணியமும் சிரிக்கிறான். அவ சிரிக்கிறதில்ல. சிரிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னு நினைக்கிறேன். நான் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "டீசல்!"னு சொல்றேன். ஒவ்வொரு தடவையும்.

போன வாரம் கலா லீவுக்கு வந்திருந்தா. அவளும் வண்டியில வந்தா. நான் தலையை நீட்டிச் சொல்ற நேரம் பார்த்து போட்டோ எடுத்துட்டா. பக்கத்துல சரோஜாவும் கையில பைப்போட நிக்கிறா.

கலா, நீயும் இதைப் படிக்கிறே இல்ல? அந்தப் புதுப் போட்டோவைக் கழுவி சீக்கிரம் தபால்ல போடு. ரெண்டா போடு, ஒண்ணு சரோஜாவுக்கு. வாய் திறந்தபடி விழுந்திருக்கும், வேற எடுக்கலாம்னு சொன்னியே, வேண்டாம். அதுவே போதும்.

என்னங்க, அது வந்ததும் உங்க போட்டோவுக்குப் பக்கத்துல மாட்டிடுவேன். உங்க பெட்ரோல் வண்டியும் எங்க டீசல் வண்டியும் ஒரே சுவத்துல இருக்கட்டும். இனிமே நான் சொன்னதை நான்தான் சொன்னேன்னு சொல்லிடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நேத்து உங்க போட்டோவைத் துடைச்சுட்டேன்.

இப்படிக்கு,
மணியத்தோட அம்மா,
கலா, குமார், தேவி மூணு பேருக்கும் பாட்டி