ஊசியில் இருப்பது மருந்தா, தண்ணீரா

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே மழை. ஊசி நாள். சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஜொகூர் பாரு ஆஸ்பத்திரி வரை தேவிதான் ஓட்டினாள். வேன் என்னுடையது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன். ஓட்ட வேண்டியவன் இடப்பக்கம், மூட்டை மாதிரி. பாதம் மரத்துப் போனதிலிருந்து, மிதிப்பது பிரேக்கா வேறெதுவா என்று காலுக்குத் தெரிவதில்லை. நோயை எதிர்க்க வேண்டிய சக்தி என் நரம்பையே கடித்துத் தின்கிறதாம். என் மனைவி லைசென்ஸ் எடுத்ததும், பிள்ளைகளை ஏற்றத் தொடங்கியதும் அப்படித்தான்.

புது மருந்துப் பரிசோதனையில் சேர்ந்திருக்கிறேன். வாரம் ஓர் ஊசி, வயிற்றுத் தோலில். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. தேவிக்கு மட்டும் தெரியும்.

"உங்களுக்குத் தண்ணிதாங்க. மூஞ்சிலயே எழுதியிருக்கு."

டாக்டர் கவிதா, தட்டினால் அதிரும் இரும்புக் கவை ஒன்றை என் கால் கட்டைவிரலில் வைத்து, அதிர்வு தெரியுதா என்றார். நல்ல பெண், ஏமாற்ற மனமில்லை. தெரியுது என்றேன்.

"அங்கிள், நான் இன்னும் தட்டவே இல்லையே."

தேவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

மறக்காமல்: ரோட் டாக்ஸ். பின்கதவுக்கு எண்ணெய்.

ஜூலை 10, வியாழன்

நல்ல வெயில். காதர் பாய் போன். பாலோ ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், அதே பரிசோதனையில் இருக்கிறார். காத்திருக்கும் இடத்தில் பழக்கம். அவருக்கு ரெண்டு நாளாகத் தலைவலியாம். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"மருந்துதான் குணா, சந்தேகமே இல்ல. தண்ணிக்கு யாருக்காவது தலை வலிக்குமா லா?"

எனக்கு ஒன்றுமே இல்லை. பொறாமை. சாயங்காலம் முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். வலி வரவில்லை. நல்ல பசி வந்தது.

தேவி: "தலைவலி வேணும்னா சொல்லுங்க, நான் தரேன்."

ஜூலை 13, ஞாயிறு

கோயில். உச்சி வெயில். வெளிப்பிராகாரம் முழுக்க சிமெண்டு. தேவி நிழலோரமாக ஓடினாள். நான் வழக்கம்போல் நடுவில். மரத்த காலுக்கு வெயில் ஏது, மழை ஏது.

பாதி வழியில் குதித்தேன். இன்னொரு தடவையும் குதித்தேன். அர்ச்சகர் எட்டிப் பார்த்தார். ஓர் அம்மா "சாமி வந்திருச்சு" என்று கும்பிட்டு, விபூதித் தட்டோடு வந்துவிட்டார்.

"சாமி இல்லம்மா. சுடுது."

தேவி ஓடி வந்தாள். "என்ன சொன்னீங்க?"

"சுடுதுடி. ரெண்டு குதிகாலும்."

அந்த வெயிலிலேயே அப்படியே நின்றாள். அவளுக்கும் சுட்டிருக்கும். வேனில் ஏறி எஞ்சினைப் போட்டும் வண்டியை நகர்த்தவில்லை.

"தண்ணின்னே நெனச்சுக்கிட்டேன். மருந்துன்னு நம்பி, அதுவும் கேக்கலைன்னா அப்புறம் உங்க மூஞ்சிய எப்படிப் பாக்குறது."

ஏர்கானைக் கூட்டி வைத்தேன்.

வலது குதிகாலில் கொப்புளம். எரிகிறது. நன்றாக எரிகிறது.

ஜூலை 15, செவ்வாய்

தூறல். டாக்டரிடம் எல்லாம் சொன்னோம். கட்டைவிரல் இன்னும் மந்தம், குதிகால் தேறியிருக்கிறது. அப்படியானால் மருந்துதானே என்றேன்.

"எனக்கே தெரியாது அங்கிள். எல்லாம் முடிஞ்சாத்தான் தெரியும். வேன் இப்போதைக்கு வேணாம். இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்."

வெளியே காதர் பாய், புது மூக்குக் கண்ணாடியோடு. கண்ணாடி மாற்றியதும் தலைவலி போய்விட்டதாம். துக்க வீட்டு முகம். டீ வாங்கிக் கொடுத்தேன். அவரே முதலில் சிரிக்கத் தொடங்கினார்.

திரும்பும் வழியில் தேவியிடம் கேட்டேன். "டாக்டர் சரின்னு சொல்லிட்டா சாவியத் தருவியா?"

முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி. அழகாக முந்தினாள். நான்கூட அவ்வளவு அழகாக முந்தியதில்லை. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"சாயங்காலம் நீங்க ஓட்டுங்க. காலையில நான்தான். பிள்ளைங்க என்கிட்ட பழகிட்டாங்க."

காலை ட்ரிப் என்றால் விடியுமுன் எழ வேண்டும். கோபம் வந்தவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு, சரி என்றேன்.