தொப்பிக்கு மேல் ஒரு முழம்

ஷ்ராப்ஷயர், இங்கிலாந்து, 1868

அப்பாவுக்கு,

துரை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, இத்தனை மாதம் கழித்து, சனிக்கிழமை நீங்கள் லண்டனிலிருந்து திரும்பும்போது பழைய லாயம் இருக்காது. நாலு பக்கமும் செங்கல் கட்டடம், நடுவில் கல் பாவிய முற்றம், மூத்திரம் தேங்காத சரிவு. எல்லாம் நான் வரைந்தது. "குதிரைக்காரன் மவன் கோடு போட்டுப் பொழைக்கப் போறானாம்" என்றீர்களே, அந்தக் கோடுகள்தான். அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் வேறெதுவும் பேசவில்லை.

நுழைவு வளைவுக்குத்தான் சண்டை.

"இவ்வளவு ஒசரமா? மேல இருக்கிற மணிக்கூண்டு குட்டையாத் தெரியுதே. வண்டிக்காரன் தலையைக் குனிஞ்சாப் போச்சு" என்றார் கட்டட வரைபடக்காரரான என் முதலாளி.

"குனிய மாட்டார் சார். வேணும்னா மணிக்கூண்டை ஒசத்துங்க."

முறைத்தார். பிறகு மணிக்கூண்டை உயர்த்தினார். கொத்தனார் ஹாப்வுட் மட்டும், "வளைவு கட்டுறியா, உங்கப்பனுக்குச் சட்டை தைக்கிறியா?" என்று இன்னும் சிரிக்கிறார்.

பழைய வளைவில், வண்டியின் உச்சியில் உட்கார்ந்து, தினமும் நீங்கள் குனிந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். இதில் உங்கள் தொப்பிக்கு மேல் ஒரு முழம் விட்டிருக்கிறேன்.

பழக்கத்தில் குனிந்துவிடாதீர்கள். வாசலிலேயே நிற்பேன், பார்ப்பேன்.

கோடு போடும்
உங்கள் மகன்