ஒரு சாண் குறைந்த பாலம்

பிப்ரவரி 3

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. லாஞ்ச் டிரைவர் உன்னைப் பார்த்துவிட்டு வந்து, "முதலாளி, தங்கச்சிம்மா வெயில்ல காஞ்சு குச்சியா நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டான். அதிலிருந்து உன் அண்ணி என்னைத் திட்டித் தீர்க்கிறாள், ஏதோ அந்த வெயிலை மொத்தமாக இறக்கியதே நான்தான் என்பது போல.

ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். படகு உரிமையாளர் சங்கத்துக்கு என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். சங்கத்துக்கு ஒரே வேலை, உன் பாலத்தை எதிர்ப்பது. கோபப்படாதே. ஓட்டைத் தோணி ஒன்றில் ஆரம்பித்து மூன்று லாஞ்ச் வரைக்கும் வந்தவன் நான். இரண்டு தீவுக்கும் நடுவில் கிடக்கிற தண்ணீர்தான் என் கடை. அந்தக் கடைக்கு மேலே நீ ரோடு போடுகிறாய். கைதட்டிக்கொண்டா நிற்பேன்?

உன் அண்ணி எதிர்க்கட்சி. கூட்டத்திலேயே எழுந்து, "காத்துக் காலத்துல மாசத்துக்கு ஒம்பது நாள் உங்க லாஞ்சு கரையிலதான தூங்குது? பிரசவ வலி வந்தவ, காத்து நிக்கட்டும்னு வயித்தப் புடிச்சிட்டு உக்காந்திருக்கணுமா?" என்று கேட்டுவிட்டாள். தலைவர் சம்சாரம் என்பதால் மைக்கைப் பிடுங்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

எங்கள் பக்கம் பதினோரு தூண் எழும்பிவிட்டது. கடலுக்குப் பல் முளைத்த மாதிரி இருக்கிறது. நடுவில் மட்டும் பெரிய ஓட்டைப் பல். அதை எப்படி அடைப்பீர்கள்? விரோதியாக இருந்தாலும் விவரம் தெரிந்த விரோதியாக இருக்க ஆசை.

உன் அண்ணன்


பிப்ரவரி 11

பாசமுள்ள அண்ணாவுக்கு,

தலைவருக்கு என் வணக்கம். அண்ணிக்கு இரண்டு மடங்கு வணக்கம்.

நடுவில் கப்பல் போக வேண்டும், அதனால் அங்கே மட்டும் தூண்களைத் தள்ளித் தள்ளி நட்டிருக்கிறோம். அதற்கு மேல் வைக்கிற இரும்பு உத்தரத்தைப் பட்டறையிலேயே முழுசாகச் செய்து மிதவையில் ஏற்றிக்கொண்டு வருவோம். அலை அடங்கிய காலையில் தூண்களுக்கு நடுவே நிறுத்தி, மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தூக்கி உட்கார வைப்போம். தொட்டிலில் குழந்தையைப் போடுகிற வேலைதான். குழந்தைதான் தொள்ளாயிரம் டன்.

இனிமேல் எழுதுவதைத் தலைவர் படிக்க வேண்டாம், அண்ணன் மட்டும் படிக்கட்டும்.

இரண்டு பக்கத்து நடுத்தூண்களும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். போன வாரம் எங்கள் கரையிலிருந்து அளந்து பார்த்தால், உங்கள் பக்கத்துத் தூண்கள் ஒரு சாண் தாழ்ந்திருக்கின்றன. அந்தப் பக்கத்துக்கு உயரம் குறித்துக் கொடுத்தது நான். உன் படகுத்துறையில், டிக்கெட் ஷெட் வாசலில், அம்புக்குறி வெட்டிய பழைய கல் இருக்கிறதே, அதன் உயரம் சர்க்கார் புத்தகத்தில் இருக்கிறது. அதிலிருந்துதான் தொடங்கினேன். அன்றைக்கு நீ இன்ஜின் வாங்கப் போயிருந்தாய். என் குறிப்புகளை எட்டுத் தடவை பார்த்துவிட்டேன். அந்தக் கல்லிலிருந்து அளந்தால் தூண்கள் மிகச் சரி. எங்கள் கரையிலிருந்து அளந்தால் ஒரு சாண் குறைவு. "அப்படின்னா அந்தக் கரையும் தூணும் சேர்ந்தே கீழ இறங்குதும்மா" என்கிறார் பெரிய இன்ஜினியர். காரணம் தெரியும்வரை வேலையை நிறுத்திவிடுவார்களாம்.

தங்கச்சி


பிப்ரவரி 14

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. இரண்டாவது லாஞ்சுக்குச் சாயம் அடிக்கிறோம். அண்ணிக்கு லேசாக ஜலதோஷம்.

ஒன்று கேட்கிறேன். காரணம் தெரியாவிட்டால் நிஜமாகவே வேலை நின்றுவிடுமா? எத்தனை நாளைக்கு?

அண்ணன்


பிப்ரவரி 17

அண்ணா,

நாளா? குறைந்தது இரண்டு வருஷம். கடலடி மண்ணை மறுபடியும் துளைத்துப் பார்க்க வேண்டும். தூண்களை இடிக்க வேண்டியிருக்கும் என்றுகூடப் பேசிக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை விசாரணை. அதற்குப் பிறகு அளவுக் கருவியை என் கையில் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

இவ்வளவு பெரிய கடிதத்துக்கு நீ அனுப்பியது அரைப் பக்கம். அதில் ஒரு வரி சாயம், ஒரு வரி ஜலதோஷம். சங்கத்துக்கு நல்ல சேதிதான். வேண்டுமானால் சொல்லிக்கொள்.

தங்கச்சி


பிப்ரவரி 19

தங்கச்சி,

கரை இறங்கவில்லை. கல்லை இறக்கினவன் நான்.

ஷெட் கட்டிய வருஷம் அந்தக் கல் தரைக்கு மேலே ஒரு சாண் துருத்திக்கொண்டிருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் தடுக்கித் தடுக்கி விழுந்தார்கள். ஒரு சர்க்கரை மூட்டை நேராகக் கடலுக்கே போனது. நல்ல கருங்கல், உடைத்துப் போட மனசு வரவில்லை. பிடுங்கி, அதே இடத்தில் குழியை ஆழமாக்கி, தரை மட்டத்துக்கு இறக்கி வாசற்படி ஆக்கிவிட்டேன். அம்புக்குறி ஷெட்டுக்கு வழி காட்டுகிற மாதிரி அழகாக இருக்கிறதே என்று அது தெரிகிற மாதிரி வைத்ததும் நானேதான். சர்க்கார் கடலையே அளக்கிற கல்லில் பதினேழு வருஷமாக ஊரே செருப்பைத் தேய்க்கிறது.

உன் கடிதத்தைப் படித்த நிமிஷமே எனக்குத் தெரியும். ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. உன்னிடம் மறைத்து எழுத என்ன இருக்கிறது? சும்மா இருந்தால் போதும், பாலம் தானாக நின்றுவிடும். பொய் சொல்ல வேண்டாம், மனுக் கொடுக்க வேண்டாம். இவ்வளவு சுலபமான லாபம் என் வாழ்நாளில் வந்ததில்லை. ஆனால் நான் விற்ற சரக்கில் ஓட்டை இருந்தால் நானேதான் திருப்பி எடுத்திருக்கிறேன். வாங்கினவன் தலையில் கட்டியதில்லை. இந்த ஓட்டையை உன் தலையில் கட்டிவிட்டு நான் எந்த முகத்தோடு கல்லாவில் உட்காருவேன்?

நேற்றுச் சங்கத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டேன்.

"தலைவரே, பாலத்த நிறுத்த வழி பாருங்கன்னா, பாலத்துக்கே சாட்சி சொல்றீங்களா?" என்றார் மூன்றாம் படகுத்துறைக்காரர்.

"கல்ல இறக்கினது நான். பின்ன யாரு சொல்றது, கல்லா வந்து சொல்லும்?"

"பேசாம இருந்திருக்கலாம்ல?"

"இருந்து பாத்தேன். ஒரு வாரத்துக்கு மேல முடியல."

பதினாறு நாள் தலைவர் பதவி முடிந்தது. உன் அண்ணி மட்டும் கைதட்டினாள்.

கல்லின் ஓரத்தைத் தோண்டிப் பார்த்தேன், பழைய தரைமட்டத்துக் காரை அதில் ஒரு கோடாக ஒட்டியிருக்கிறது. படி வைத்த கொத்தனாரும் இருக்கிறார், காது மந்தம், ஞாபகம் மந்தமில்லை. கல்லைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, அதைப் பார்க்க உன் ஆட்கள் இங்கே வரட்டும். கொத்தனாரைத் திங்கட்கிழமை நானே அழைத்து வருகிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 26

அண்ணாவுக்கு,

விசாரணையில் கொத்தனார் போட்ட சத்தத்தில் பக்கத்து ஆபீஸ்காரர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். பெரிய இன்ஜினியர் உன் வாசலில் மண்டியிட்டுக் காரைக் கோட்டை அளந்தார். ஒரு சாண், நூல் பிசகவில்லை. பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாராம்.

தூண்கள் உயர்ந்து போயிருந்தால் தலையை வெட்டியிருக்க வேண்டும். தாழ்ந்ததால் தப்பித்தோம். உத்தரம் உட்காருகிற பீடத்தை ஒரு சாண் உயர்த்திக் கட்டினால் போதும். இரண்டு மாத வேலை.

ஆனால் அண்ணா, அறிக்கையில் என் பேரும் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஒரு கல்லை மட்டும் நம்பக் கூடாது, மலைமேல் இருக்கிற கலங்கரை விளக்கத்துக் கல்லிலும் சரிபார்க்க வேண்டும். அதுதான் முறை. வேறு எந்த இடமாக இருந்தாலும் மலையேறிப் போய்ப் பார்த்திருப்பேன். அண்ணன் வாசல்தானே என்று விட்டுவிட்டேன். அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். கண்டிப்பு ஒரு வரி, கருவி என் கையிலேயே இருக்கிறது.

நீ சும்மா இருந்த அந்த ஒரு வாரத்துக்கு நானும் ஒரு வாரம் கோபம். நாளையோடு முடிகிறது.

தங்கச்சி


ஜூன் 12

அன்புத் தங்கச்சிக்கு,

போன மாதம் கடைசி உத்தரம் ஏறியதை உன் பக்கமிருந்து பார்த்திருப்பாய். நான் கீழேயிருந்து பார்த்தேன். மூன்று லாஞ்சிலும் ஆள் நிறைய ஏற்றி, நடுக்கடலில் நிறுத்தி வேடிக்கை காட்டினேன். சங்கத்துக்காரர்கள் முன்வரிசை, அவர்களுக்கும் டிக்கெட்தான். இரும்பு போய் இரும்பில் உட்கார்ந்தபோது ஒரு சத்தம் வந்தது பார், பெரிய பெட்டகத்தை மூடுகிற மாதிரி. பிறகு மூன்றாம் துறைக்காரர் மெல்ல, "ஒக்காந்திருச்சு" என்றார். அவர் வீட்டில் வேண்டாத சாமான் வந்து இறங்கிய மாதிரியும் இருந்தது, பேரன் பிறந்த மாதிரியும் இருந்தது அந்தக் குரல்.

இரண்டு லாஞ்சை மீன்பிடிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்று இருக்கிறது, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு. பாலத்தடியிலிருந்து அண்ணாந்து பார்க்க ஊரில் இவ்வளவு பேருக்கு ஆசை இருக்கும் என்று எனக்கு முன்னால் தெரியாமல் போய்விட்டது. மற்றபடி சரக்கு வேன் ஒன்று வாங்கியிருக்கிறேன். பாலத்து முனையில் கிடங்குக்கு இடம் கேட்டு வரிசையில் நின்றேன். உன் பேரைச் சொல்லவில்லை. நான்காவது ஆளாகக் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை வண்டிகளை விடுகிறார்களாம். முதல் நடையில் நான் வருகிறேன். உன் அண்ணி முன்சீட்டைப் பிடித்துவிட்டாள், நேற்றே உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். வேனை ஓட்டப்போவது நான்தான். லைசென்ஸ் வாங்கிப் பத்து நாள் ஆகிறது. ஒரே ஒரு தொந்தரவு, கரை நெருங்கினால் கால் பிரேக்கைத் தேடுவதற்கு முன்னால் கை கயிற்றைத் தேடுகிறது. நீ ஆசையாக எதிரே ஓடி வந்து நிற்காதே. ஓரமாக நில், கொஞ்சம் உள்ளே தள்ளியே நில். எப்படியும் நிறுத்திவிடுவேன்.

உன் அண்ணன்